அப்பாவின் நெற்றியில் இருந்த பச்சை

அப்பா 2019இல் தவறினார். 16ஆம் நாள் காரியத்துக்குப் பெரிய படம் வேண்டும் என்று வீட்டில் இருந்த நாலைந்து புகைப்படங்களை எடுத்துக்கொண்டு ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன். சித்தப்பா மகள் கல்யாணத்தில் எடுத்த ஒன்று நன்றாக இருந்தது. பந்தியில் உட்கார்ந்திருக்கிறார், யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்க்கிறார், மண்டபத்து ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாக விழுகிறது, நெற்றியில் வேர்வை. அதைக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து வந்த படத்தில் அப்பா கோட்டும் டையும் போட்டிருந்தார். பின்னால் நீல நிறம். முகம் வெளுத்து, ஒரு கோடு இல்லாமல், ஒரு நிழல் இல்லாமல் இருந்தது. கடைக்காரர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார், எல்லார் வீட்டுக்கும் அப்படித்தான் செய்து கொடுக்கிறார், கேட்கிறவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். மறுநாள் விடிந்தால் காரியம். அதற்கே மாலை போட்டு வைத்தோம். வந்த சொந்தங்கள் அழகாக இருக்கிறது என்றார்கள். அம்மா மட்டும் அன்றைக்கு ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டே, "அவரு எப்ப தம்பி கோட்டுப் போட்டாரு?" என்று கேட்டார்.

அப்பா லோரி ஓட்டியவர். கூலிம் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, இருபது வயதில் பட்டர்வொர்த்துக்கு வந்து, 31 வருடம் லோரி. நம் மலேசியாவில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருகிறார், அதனால் அப்பாவின் வலது கை எப்போதும் ஜன்னல் விளிம்பில் வெயிலில் கிடக்கும். சட்டையைக் கழற்றினால் இரண்டு கையும் இரண்டு ஆளுடைய கை மாதிரி இருக்கும், அவ்வளவு வித்தியாசம். முகத்திலும் வலது கன்னம் இடது கன்னத்தைவிடக் கறுத்திருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அந்த நிறம் அவர் வேலை செய்து வந்த நிறம். அதைத் துடைத்துவிட்டு வேறு யாரையோ நடுவீட்டில் மாட்டி வைத்திருக்கிறோம் என்பது எனக்குத் தினமும் உறுத்தியது.

சரி, நானே வரைகிறேன் என்று நினைத்தேன். பள்ளிக்கூட நாளிலிருந்து பென்சிலில் வரைவேன், ஆனால் தைல வண்ணத்தைத் தொட்டதே இல்லை. நடமாட்டக் கட்டுப்பாடெல்லாம் தளர்ந்த பிறகு, 2021 கடைசியில், பினாங்கு ஜார்ஜ்டவுனில் சூலியா ஸ்திரீட் பக்கம் ஒரு பழைய கடைவீட்டு மாடியில் வகுப்பு நடப்பதாக வேலையிடத்தில் ஒருவர் சொன்னார். கடைகளுக்கு முன்னால் கூரைக்கடியில் ஓடும் அஞ்சடி நடைபாதையில் நடந்து, குறுகலான மரப்படி ஏறிப் போனால், டர்பன்டைன் வாசமும் கோப்பி வாசமும் சேர்ந்து அடிக்கும் ஓர் அறை. சொல்லிக்கொடுப்பவர் 70 வயதைத் தாண்டிய சீனர். நாங்கள் அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். வாலிபத்தில் சினிமா பேனர் வரைந்தவர், தமிழ்ப் படங்களுக்கும் வரைந்திருக்கிறார். எம்ஜிஆர் முகத்தை எத்தனை தடவை வரைந்தேன் என்று கணக்கே இல்லை என்பார். மலாயும் ஆங்கிலமும் ஹொக்கியனும் ஒரே பேச்சில் கலந்து வரும், நடுவில் என்ன வந்தாலும் கடைசியில் "பெலான் பெலான்" என்று முடிப்பார். மெதுவாக, மெதுவாக.

கல்யாணப் புகைப்படத்தைக் காட்டி, இவரை வரையத்தான் வந்திருக்கிறேன் என்றேன். வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அதைத் திருப்பிக் கொடுத்து, இதை வீட்டில் பத்திரமாக வை, கடைசியில் கொண்டு வா என்றார். நேராகப் புகைப்படத்தைப் பார்த்து வரைந்தால் புகைப்படத்தில் இருக்கிற தப்பையெல்லாம் நீ வரைவாய். முதலில் ஒரு பெரிய ஓவியனின் படத்தை எடுத்து அப்படியே வரை, அவன் ஒரு முகத்தில் எதை எடுத்துக்கொண்டான், எதை விட்டுவிட்டான் என்று அவன் பின்னாலேயே நடந்து போய்ப் பார் என்றார். என் மூத்த அக்கா பாட்டு வகுப்புக்குப் போன காலத்தில் மாதக்கணக்கில் சரளி வரிசை மட்டுமே பாடிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. மறுபேச்சு பேசவில்லை.

டச்சு ஓவியர் வெர்மீரின் முத்துத்தோடு போட்ட பெண்ணைத்தான் முதலில் கொடுத்தார். அழகான படம், சின்னது, 44.5க்கு 39 சென்டிமீட்டர். இரண்டு வாரம் வரைந்தேன், மனம் ஒட்டவில்லை. அந்தப் பெண்ணின் கன்னத்தை வரைவதில் நான் கற்றுக்கொள்வது அப்பாவின் கன்னத்துக்கு எப்படி உதவும் என்ற கேள்வி போகவே இல்லை. நான் பார்த்த பாடப்புத்தகங்களிலும் முகத்தின் நிறம் என்றால் வெள்ளையில் கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் மஞ்சள். வண்ணக் குழாய்களில் 'ஃபிளெஷ் டின்ட்' என்று ஒன்று விற்கிறார்கள், இளஞ்சிவப்பு. சின்ன வயதில் எங்கள் கலர் பென்சில் பெட்டியிலும் 'தோல் கலர்' என்று ஒன்றைச் சொல்வோம், தமிழ்ப்பள்ளி வகுப்பில் இருந்த 30 பிள்ளைகளில் ஒருவருக்கும் அந்தத் தோல் கிடையாது, ஆனாலும் அதற்கு அதுதான் பெயர். கிரேயோலா கம்பெனி 1962லேயே தன்னுடைய 'ஃபிளெஷ்' என்ற பெயரை 'பீச்' என்று மாற்றிவிட்டது. எங்கள் வகுப்பில் அந்தப் பழைய பெயரே ஓடிக்கொண்டிருந்தது. அங்கிளிடம் இதைச் சொன்னபோது அவர் பேனர் காலத்தைச் சொன்னார். எந்த நடிகராக இருந்தாலும் ஒரே வாளி ரோஸ் கலர்தான், அப்போது யாரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை என்றார். பிறகு, உனக்கு வேண்டிய முகத்தை நீயே தேடிக்கொண்டு வா என்று விட்டுவிட்டார்.

அப்படித் தேடித்தான் ஹுவான் தெ பரேஹாவைக் கண்டுபிடித்தேன்.

ஸ்பெயின் நாட்டு ஓவியர் வெலாஸ்கெஸ் 1650இல் ரோமில் வரைந்த படம் அது. இன்றைக்கு நியூயார்க்கில் மெட்ரோபொலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1970இல் லண்டன் ஏலத்தில் 23 லட்சத்து 10 ஆயிரம் பவுனுக்குப் போனது. அதுவரை ஏலத்தில் எந்த ஓவியமும் 10 லட்சம் பவுனைத் தொட்டதில்லை. ஆனால் விலையைப் படித்ததெல்லாம் பிறகு. முதலில் பார்த்தபோது நான் கைப்பேசியை மடியில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிட்டேன். பழுப்பு நிற மனிதர், சுருள் முடி, தாடி, வெள்ளைப் பின்னல் காலர். ஒரு கையை மார்புக்குக் குறுக்கே மடக்கிப் பிடித்துக்கொண்டு நம்மைப் பார்க்கிறார். கெஞ்சவும் இல்லை, முறைக்கவும் இல்லை. சட்டையின் முழங்கைப் பக்கம் கிழிந்திருக்கிறது, அதை மறைக்கவும் இல்லை. நெற்றியில் வெளிச்சம் விழுந்து மினுக்குகிறது. கல்யாண மண்டபத்தில் அப்பாவுக்கு விழுந்த அதே மாதிரி வெளிச்சம்.

அவர் வெலாஸ்கெஸின் அடிமை. அந்தேகெரா என்ற ஊரில் பிறந்தவர். பட்டறையில் வண்ணம் அரைப்பதும் கேன்வாஸ் தயார் செய்வதும் அவர் வேலை என்று பலோமினோ என்பவர் 1724இல் எழுதி வைத்திருக்கிறார். தன்னுடைய முகத்துக்கான வண்ணத்தையும் அவரே அரைத்திருக்கலாம் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மன்னர் நான்காம் பிலிப்புக்காகக் கலைப்பொருள் வாங்க வெலாஸ்கெஸ் இத்தாலிக்குப் போனபோது இவரும் கூடப் போகிறார். போப் பத்தாம் இன்னொசன்ட்டை வரைவதற்கு முன்னால் இவரை வரைகிறார். படத்தை நண்பர்களுக்குக் காட்டச் சொல்லி, படத்தில் இருக்கிற ஆளிடமே கொடுத்தனுப்பினாராம். படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தவர்களுக்கு யாரிடம் பேசுவது என்று தெரியவில்லையாம். அதுவும் பலோமினோ சொல்கிற கதைதான். 1650 மார்ச் 19ஆம் தேதி ரோமின் பழைய பாந்தியன் கட்டடத்தில் படத்தை எல்லாரும் பார்க்க வைத்தார்கள். அதே வருடம் நவம்பர் 23ஆம் தேதி விடுதலைப் பத்திரம் எழுதப்பட்டது, இன்னும் நாலு வருடம் வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்த நாலு வருடம் எனக்கு ஒப்பந்தக் கூலியாக இந்த மண்ணுக்கு வந்த நம் ஆட்களைத்தான் ஞாபகப்படுத்தியது. இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை, அடிமைத்தனம் வேறு. ஆனால் காகிதத்தில் வருடக்கணக்கு எழுதிக் கையெழுத்து வாங்குவது என்றால் என்ன என்று எங்கள் குடும்பத்துக்குத் தெரியும்.

மெட்ரோபொலிடன் அருங்காட்சியகம் 2017இலிருந்து தன்னிடம் உள்ள, காப்புரிமை இல்லாத படங்களை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டிருக்கிறது. அசல் படம் 81.3க்கு 69.9 சென்டிமீட்டர், அங்குலத்தில் 32க்கு 27½. நான் சரிபாதி வைத்துக்கொண்டேன். கடையில் கிடைக்கிற ரெடிமேட் கேன்வாஸ் எதுவும் அந்த விகிதத்துக்கு வராது, சட்டம் போடுகிற கடையில் சொல்லித்தான் அடித்து வாங்கினேன். (நகல் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: விகிதத்தில் சமாதானம் ஆகாதீர்கள். முகத்தைச் சுற்றி எவ்வளவு காற்று விட்டிருக்கிறார் என்பதும் படம்தான்.)

தூரிகைக்கு வருகிறேன். தைல வண்ணத்துக்குப் பன்றிமயிர்த் தூரிகைதான் பழைய வழக்கம், விறைப்பாக இருக்கும், கெட்டியான வண்ணத்தைத் தள்ளும். நம் நாட்டில் அதற்குத் தனியாக எழுதி ஒட்டி, தனி இடத்தில் வைத்துத்தான் விற்க வேண்டும். எங்கள் வகுப்பில் இருந்த மலாய்க்கார அக்கா செயற்கை நாரில் செய்ததை வைத்துக்கொண்டு என்னைவிட நன்றாகவே வரைந்தார்.

வண்ணங்கள் அங்கிள் சொன்ன ஐந்துதான்: டைட்டேனியம் வெள்ளை, மஞ்சள் காவி, ஒரு சிவப்பு, பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பு, ஐவரி பிளாக் என்ற கறுப்பு. வெலாஸ்கெஸ் காலத்தில் வெள்ளை என்றால் ஈய வெள்ளை, பளிச்சென்ற சிவப்பு என்றால் சாதிலிங்கம். டைட்டேனியம் வெள்ளை 20ஆம் நூற்றாண்டில் வந்தது. ஈயத்தைவிட அதற்கு மூடுகிற சக்தி அதிகம், குளிர்ச்சியும் அதிகம். ஒரு சொட்டு கூடிவிட்டால் முகம் சுண்ணாம்பு பூசின மாதிரி ஆகிவிடும். முதல் சில மாதம் என் பரேஹாவின் முகத்தில் அதுதான் நடந்தது. மினுக்கம் வேண்டும் என்று வெள்ளையைச் சேர்க்கச் சேர்க்க, மினுக்கம் வரவில்லை, சாம்பல் வந்தது. ஸ்டூடியோக்காரர் செய்ததையே நானும் என் கையால் செய்துகொண்டிருந்தேன்.

அடிப்பூச்சு அம்பர். டர்பன்டைனில் கரைத்துக் கேன்வாஸ் முழுக்கத் துணியால் தேய்த்துவிட வேண்டும். வெள்ளைத் துணிமேல் எந்த நிறத்தை வைத்தாலும் கறுப்பாகத் தெரியும், நடுத்தரமான பழுப்பின்மேல் வைத்தால்தான் இது வெளிச்சமா நிழலா என்று இரண்டு பக்கமும் ஒப்பிட முடியும். அம்பரில் மாங்கனீசு இருப்பதால் சீக்கிரம் காயும், அதனால் கீழே போடத் தோதானது. ஆளிவிதை எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிப் போவதில்லை. காற்றிலிருந்து ஆக்ஸிஜனை இழுத்துக்கொண்டு இறுகுகிறது. கீழ்ப்பூச்சு இன்னும் இறுகிக்கொண்டிருக்கும்போது அதைவிட எண்ணெய் குறைந்ததை மேலே போட்டால் மேலே இருப்பது விரிசல் விடும். அதனால் கீழே மெலிவு, மேலே கொழுப்பு, இதுதான் விதி. அந்த எண்ணெய் நனைந்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். இறுகும்போது சூடு கிளம்பும், குவியலாகக் கிடந்தால் தானாகவே தீப்பிடிக்கும். நான் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டு மூடி வைப்பேன்.

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை எங்கேயும் படித்து நான் தெரிந்துகொள்ளவில்லை. எல்லாப் புத்தகத்திலும் வடக்கு ஜன்னல் என்று எழுதியிருக்கும். வடக்குப் பக்கத்தில் நேர்வெயில் வராது, வெளிச்சம் நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கும் என்பார்கள். எங்கள் ஜெலுத்தோங் ஃபிளாட்டில் தற்செயலாக அறை ஜன்னல் வடக்கே பார்த்தது, சந்தோஷப்பட்டு அங்கேயே கேன்வாஸ் தாங்கும் சட்டத்தை நிறுத்தினேன். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் பிரமாதம். நைட் ஷிஃப்ட் முடிந்து பாயான் லெப்பாசிலிருந்து வந்து, பசியாறிவிட்டு, ஒன்பது மணியிலிருந்து பதினொன்றரை வரை வரைவேன். ஏப்ரல் நடுவில் ஒரு நாள் கேன்வாஸ் மேல் வெயில் பட்டை விழுந்து கிடந்தது. ஜன்னல் அதேதான், சட்டமும் அதே இடத்தில்தான். பிறகுதான் யோசித்தேன். பினாங்கு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஐந்தரை டிகிரிக்கும் கொஞ்சம் குறைவு. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. டச்சுக்காரர்களுக்கும் பாரிஸ்காரர்களுக்கும் அது எந்த நாளிலும் தெற்கேதான். வருடத்தில் ஐந்து மாதம் நம் ஊரில் வடக்கு வெளிச்சம் என்பது தெற்கு ஜன்னலில் இருக்கிறது! சட்டத்தைத் தூக்கி அம்மாவின் அறைக்குக் கொண்டுபோனேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் தன் தையல் மெஷினை நகர்த்திக் கொடுத்தார்.

பச்சைக்கு வருகிறேன்.

பரேஹாவின் நெற்றியில் நிழலிலிருந்து வெளிச்சத்துக்குத் திரும்புகிற இடம் ஒன்று இருக்கிறது. பழுப்பிலிருந்து அந்த மினுக்கத்துக்குப் போகிற வழி. நான் பழுப்பில் வெள்ளை சேர்த்துப் போய்க்கொண்டிருந்தேன், அது சாம்பலாகவே வந்தது. மே மாதம் ஒரு சனிக்கிழமை அங்கிள் என் பின்னால் வந்து நின்றார். ஒரு அட்டையில் சின்ன ஓட்டை போட்டு, கணினித் திரைமேல் அந்த இடத்தில் வைத்து, இது என்ன நிறம் என்று கேட்டார். முகம் தெரியாமல், அந்த ஓட்டைக்குள் இருந்த நிறத்தை மட்டும் பார்த்தால் அது பச்சை. மங்கிய, காய்ந்த புளியிலை மாதிரி ஒரு பச்சை. என்னால் நம்பவே முடியவில்லை. அட்டையை எடுத்தால் நெற்றி, வைத்தால் பச்சை. எடுத்து எடுத்து வைத்துப் பார்த்தேன். பிறகு ஐவரி பிளாக்கில் மஞ்சள் காவியைக் கலக்கச் சொன்னார். கறுப்பும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை. அந்தக் கறுப்பில் நீலம் ஒளிந்திருக்கிறது. அதைக் கன்னத்துச் சிவப்புக்கும் மேலே இருக்கிற மினுக்கத்துக்கும் நடுவில் மெல்லியதாக வைத்தேன், முகம் திரும்பியது. தட்டையாகக் கிடந்த நெற்றி உருண்டு வந்தது.

நம் தோலில் அவ்வளவும் இருக்கிறது. நெற்றியில் மஞ்சளோடின பச்சை, மூக்கு நுனியிலும் காது மடலிலும் ரத்தச் சிவப்பு, தாடிப் பக்கம் நீலச் சாம்பல், மினுக்கம் விழுகிற இடத்தில் வானத்து நிறம். கறுப்பு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகிறோம். அன்றைக்குச் சாயந்திரம் ரேப்பிட் பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது, எதிரே நின்றுகொண்டிருந்த ஒரு பெரியவர் காதைப் பார்த்தேன். பின்னாலிருந்து வெயில் பட்டு மாதுளம்பழம் மாதிரி சிவந்திருந்தது. அப்பாவின் காதும் லோரியில் சாயந்திரம் அப்படித்தான் இருந்திருக்கும். எத்தனையோ நாள் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறேன், ஒரு நாளும் பார்த்ததில்லை.

கண்ணில் மூன்று வாரம் போனது. கண்ணின் வெள்ளையை வெள்ளையாகப் போட்டேன், பரேஹா பயந்துபோன ஆளாகிவிட்டார். பாதிக் கண்ணை மூடிக்கொண்டு படத்தைப் பார்த்தால் தெரியும்: அந்தக் காலரின் வெள்ளைதான் படத்தில் வெள்ளை, கண்ணில் இருப்பது அதைவிட எவ்வளவோ கறுத்த ஒரு சாம்பல். அங்கிள் கத்தியை எடுத்து வழித்துவிட்டார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மறுபடி போட்டேன், சரியாக வந்தது. காலரிலும் அதே கதை. பின்னல் வேலையை நூல் நூலாக வரைந்துகொண்டிருந்தேன், ஆனால் பெரிதாக்கிப் பார்த்தால் அங்கே நூலே இல்லை, தடித்த வெள்ளையில் சில தடவல்கள், அவ்வளவுதான். தள்ளி நின்றால் பின்னலாகத் தெரிகிறது. திரையில் பார்த்து இது புரியாது. அதற்காகவே ஒரு விடுமுறை நாளில் பட்டர்வொர்த்திலிருந்து இடிஎஸ் ரயில் ஏறிக் கோலாலம்பூர் தேசியக் கலைக்கூடத்துக்குப் போனேன். நம் நாட்டு உருவப்படக் கலையின் முன்னோடி ஹுசேன் எனாஸின் ஓவியத்தை முதல்முறையாக நேரில் பார்த்தேன். நேராக நின்று பார்த்ததைவிடப் பக்கவாட்டில் போய் நின்று பார்த்ததுதான் அதிகம். எங்கே வண்ணம் மேடாக நிற்கிறது, எங்கே துணியின் இழை தெரிகிறது என்று. காவலாளி இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

இருட்டான பகுதிகள் காய்ந்ததும் பொலிவிழந்து திட்டுத் திட்டாக வெளுத்துப்போயின. நிறம் தவறிவிட்டது என்று இன்னும் கறுப்பைப் பூசினேன், அதுவும் காய்ந்து வெளுத்தது. அங்கிள் துணியில் ஒரு சொட்டு எண்ணெய் எடுத்து மெல்லத் தேய்த்தார், நான் முதலில் வைத்த நிறம் அப்படியே திரும்பி வந்தது. கீழ்ப்பூச்சு மேலே இருந்த எண்ணெயைக் குடித்துவிட்டிருந்தது, அவ்வளவுதான். இதைத் தெரியாமல் எத்தனை பேர் நல்ல படத்தைக் கெடுத்திருப்பார்கள்! இன்னொன்று, மழைக்காலத்தில் கேன்வாஸைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும். நான் இரண்டு கட்டை வைத்து இடைவெளி விட்டேன்.

நகல் எடுப்பதைச் சிலர் மட்டமாகப் பேசுகிறார்கள். சொந்தமாக ஒன்று செய்யத் தெரியாதவன் வேலை என்கிறார்கள். பாரிஸில் லூவர் அருங்காட்சியகம் 1793இலிருந்து நகல் எடுக்கிறவர்களுக்கு இடம் கொடுத்து வருகிறது, அளவு மட்டும் அசலோடு ஒத்திருக்கக் கூடாது. ஓவியர் ரூபன்ஸ் 1628இல் மாட்ரிட் அரண்மனைக்கு வந்தபோது வயது 50ஐத் தாண்டியவர், ஐரோப்பா முழுக்கப் பெயர் வாங்கியவர், அங்கே உட்கார்ந்து இத்தாலிய ஓவியர் டிஷியனின் படங்களை நகல் எடுத்தார். அவர் எடுத்த ஆதாம் ஏவாள் நகலும் டிஷியனின் அசலும் இன்று அதே மாட்ரிட்டில் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இளவயது வெலாஸ்கெஸ் அப்போது அந்த அரண்மனையில்தான் இருந்தார். ஓர் உதட்டோரம் அரை மில்லிமீட்டர் தள்ளினால் ஒரு மனிதரின் மரியாதை போய்விடுகிறது, திரும்ப வைத்தால் வந்துவிடுகிறது. இதை வேறு எப்படிக் கற்றுக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நகல் முடிகிற சமயத்தில்தான் பரேஹா தானே வரைந்த படத்தைத் தேடிப் பார்த்தேன். விடுதலைக்குப் பிறகு அவர் ஓவியராகவே வாழ்ந்தார். 1661இல் வரைந்த 'புனித மத்தேயுவின் அழைப்பு' பிராடோவில் இருக்கிறது, பெரிய படம். அதில் ஓர் ஓரத்தில் தன்னையும் வரைந்திருக்கிறார், தன் பெயர் எழுதிய தாளைக் கையில் பிடித்துக்கொண்டு. பெரிதாக்கிப் பார்த்தேன். வெலாஸ்கெஸ் வரைந்த முகத்தைவிட வெளுப்பாக இருந்தார். மூக்கும் முகவெட்டும் ஐரோப்பியச் சாயல்.

அதை மூடிவிட்டு எழுந்து போய்விட்டேன். எட்டு மாதமாக எந்த நிறத்துக்காக அந்த மனிதரின் பின்னால் நடந்தேனோ, அந்த நிறத்தை அவரே வைத்துக்கொள்ளவில்லை. அவர் எந்த உலகத்தில் வாழ்ந்தார், எந்த முகத்தோடு அந்தச் சபையில் நிற்க வேண்டியிருந்தது என்பதை யோசித்தால் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு ராத்திரி அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா தைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "ஒங்கப்பாவும் படம் எடுக்கப் போனா பவுடர் போடாம போக மாட்டாரு" என்றார்.

உண்மைதான். எங்கே விசேஷத்துக்குக் கிளம்பினாலும் அப்பா பவுடர் டப்பாவைத் தேடுவார். உள்ளங்கையில் கொட்டி, இரண்டு கையிலும் தேய்த்து, முகத்திலும் கழுத்திலும் அழுத்தித் தடவுவார். லோரியிலும் ஒரு டப்பா இருந்தது. ஸ்டூடியோக்காரர்மேல் எனக்கு இருந்த கோபம் அந்த ஒரு வார்த்தையில் பாதி கரைந்துவிட்டது, மீதிப் பாதியை என்ன செய்வது என்று தெரியவில்லை. அப்பாவைக் கேட்டிருந்தால் அந்த வெளுத்த படமே நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருப்பாரோ? நான் வரையப்போவது அவருக்குப் பிடிக்காத அப்பாவோ? பல நாள் இதே யோசனை. அங்கிளிடம் சொன்னால், புகைப்படத்தைக் கொண்டு வா, நேரமாகிவிட்டது என்றார்.

புகைப்படத்தை அதே அட்டை ஓட்டை வழியாக அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். நெற்றியில் வேர்வைக்குப் பக்கத்தில் பச்சை இருந்தது. வலது கன்னம் இடதைவிடக் கறுத்திருந்தது, ஜன்னல் வெளிச்சம் அந்தப் பக்கம் விழுந்தும்கூட. அப்புறம் கழுத்தில், சட்டைக் காலருக்கு மேலே, வேர்வையில் கலைந்துபோன பவுடர். நீலச் சாம்பலாக ஒரு கோடு. மூன்று வருடமாக அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அது என் கண்ணில் பட்டதே இல்லை.

கறுத்த நிறத்தின்மேல் வெள்ளையை மிக மெல்லியதாகத் தேய்த்தால் அது வெள்ளையாகத் தெரியாது, நீலமாகத் தெரியும். புகை கறுத்த மலைக்கு முன்னால் நீலமாகத் தெரிவது மாதிரி. பரேஹாவின் மேல் நான் மாதக்கணக்கில் தப்பாகச் செய்துகொண்டிருந்தது இதைத்தான். அப்பாவின் கழுத்துக்கு அதுவே தேவைப்பட்டது. கீழே இருந்த பழுப்பு நன்றாகக் காயும்வரை காத்திருந்து, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையில் டைட்டேனியம் வெள்ளையைத் தொட்டு, துணியில் துடைத்துவிட்டு, தூரிகையில் மிச்சமிருந்ததை மட்டும் கழுத்தில் இழுத்தேன். இரண்டே இழுப்பு. பிறகு கையை எடுத்துவிட்டேன்.

நான் கூப்பிடாமலே அம்மா வந்து நின்றார். கோட்டு இல்லை, கல்யாணத்துக்குப் போட்ட அந்தக் கட்டம் போட்ட சட்டைதான். ரொம்ப நேரம் பார்த்தார். முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"பவுடரத் தேய்க்காம அப்படியே வந்திருக்காரு பாரு" என்று முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு கழுத்துக்குக் கையை நீட்டினார். நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னும் காயல மா."